மினியோனெட் வழக்கு (1884): நடுக்கடலில் நரமாமிசமும் சட்டமும்

மினியோனெட் வழக்கு என்பது, கப்பல் மூழ்கியபின் சிறு படகில் தத்தளித்த மூன்று ஆங்கில மாலுமிகள், உடனிருந்த 17 வயதுச் சிறுவனைக் கொன்று தின்று உயிர்பிழைத்தது தொடர்பாக 1884ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த கொலை வழக்கு. சட்ட நூல்களில் இது 'அரசி எதிர் டட்லி, ஸ்டீபன்ஸ்' என்ற பெயரில் இடம்பெறுகிறது. உயிர்பிழைப்பதற்காக வேறொருவரைக் கொல்வதை 'நிர்ப்பந்தம்' என்ற காரணத்தால் நியாயப்படுத்த முடியாது என்ற விதி இதிலிருந்து உறுதிப்பட்டது. இந்தியச் சட்ட மாணவர்களும் குற்றவியல் பாடத்தில் இவ்வழக்கைப் படிக்கின்றனர். நரமாமிசம் தின்றது இவ்வழக்கின் குற்றச்சாட்டே அல்ல என்பது பலர் கவனிக்காத செய்தி. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அப்படி ஒரு குற்றமும் இல்லை. அந்தப் படகில் சாக வேண்டியவர் யார் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருந்தது என்பதுதான் வழக்கின் மையம்.

கடல் வழக்கம்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் மாலுமிகளிடையே எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் மூழ்கி, உணவு தீர்ந்து, மீட்சிக்கு வழியில்லை என்ற நிலை வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சீட்டு யார் பெயருக்கு விழுகிறதோ அவரைக் கொன்று மற்றவர்கள் உயிர்வாழ்வார்கள். இதைக் 'கடல் வழக்கம்' என்றே அவர்கள் குறிப்பிட்டனர். கரைக்கு வந்தபின் இதை யாரும் பெரிதாக மறைத்ததில்லை. துறைமுகப் பாடகர்கள் இதைப் பற்றிப் பாடல்கள்கூடக் கட்டினர்.

இவற்றுள் பெயர்பெற்றது அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த எஸ்ஸெக்ஸ் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலின் கதை. 1820 நவம்பரில் பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதி அக்கப்பல் மூழ்கியது. ஒப்பீட்டளவில் அருகில் இருந்த தீவுகளில் நரமாமிசம் உண்போர் இருப்பார்கள் என்று அஞ்சிய மாலுமிகள், தொலைவிலுள்ள தென் அமெரிக்காவை நோக்கிப் படகுகளைத் திருப்பினர். கடைசியில் இறந்த தோழர்களின் உடல்களை அவர்களே தின்ன நேர்ந்தது. கேப்டன் பொல்லார்டின் படகில் சீட்டு அவருடைய உறவினனான இளைஞன் ஓவன் காஃபினுக்கு விழுந்தது. அவனைக் காப்பாற்றப் பொல்லார்ட் முன்வந்தும் அவன் மறுத்துவிட்டான் என்பது உயிர்பிழைத்தவர்களின் கூற்று.

சீட்டு என்றால் நேர்மை என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. 1835இல் மரம் ஏற்றி அயர்லாந்துக்குத் திரும்பிய பிரான்சிஸ் ஸ்பெய்ட் என்ற கப்பல் புயலில் சிதைந்தபோது, குலுக்கலில் சேர்க்கப்பட்டவர்கள் கப்பலிலிருந்த சிறுவர்கள் மட்டுமே. பெரியவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, சிறுவர்களுக்கு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் பெக்கி என்ற கப்பலில் முதற்சீட்டு அங்கிருந்த கறுப்பின அடிமைக்கு விழுந்தது. கரையில் யாருடைய உயிருக்கு விலை குறைவோ, படகிலும் அவருக்கே சீட்டு விழுந்திருக்கிறது. தற்செயல் என்று இதை நம்புவது கடினம்.

பயணம்

மினியோனெட் 52 அடி நீளமுள்ள சிறிய பாய்மர உல்லாசப் படகு. கரையோரப் பயணங்களுக்காகக் கட்டப்பட்டது. சிட்னி நகர வழக்கறிஞர் ஜான் வான்ட் இதை விலைக்கு வாங்கினார். இவ்வளவு சிறிய கலத்தை இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்ல ஒரே வழி அதைக் கடல்மேல் ஓட்டிச் செல்வதுதான். கேப்டன் டாம் டட்லி அந்தப் பொறுப்பை ஏற்றார். எட்வின் ஸ்டீபன்ஸ் அவருக்கு அடுத்த நிலை அதிகாரி. எட்மண்ட் புரூக்ஸ் மாலுமி. நான்காமவன் ரிச்சர்ட் பார்க்கர், எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவன், சவுத்தாம்ப்டனை அடுத்த இட்சன் ஃபெரி என்ற ஊரைச் சேர்ந்த அநாதை. நெடுங்கடலில் முன் அனுபவம் இல்லாதவன்.

1884 மே 19 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டனர். ஜூலை 5 அன்று, நன்னம்பிக்கை முனைக்கு வடமேற்கே ஏறத்தாழ 1,600 மைல் தொலைவில், ஒரு பேரலை படகின் பக்கப்பலகையைப் பெயர்த்தெறிந்தது. சில நிமிடங்களில் மினியோனெட் மூழ்கியது. நால்வரும் 13 அடி நீளமுள்ள, மெல்லிய பலகையாலான சிறு தோணியில் ஏறித் தப்பினர். கையில் கிடைத்த உணவு டர்னிப் கிழங்கு அடைத்த இரண்டு தகர டப்பாக்கள், ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. குடிநீர் ஒரு சொட்டும் இல்லை. நிலம் எந்தத் திசையில் போனாலும் நூற்றுக்கணக்கான மைல்.

தோணியில் இருபது நாட்கள்

முதல் டப்பாவை இரண்டு நாட்கள் திறக்காமலே வைத்திருந்தார் டட்லி. நான்காம் நாள் ஓர் ஆமை கிடைத்தது. அதன் எலும்பைக்கூட விடாமல் தின்று ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டினர். அவ்வப்போது பெய்த மழையை எண்ணெய்த்துணி மேலங்கிகளில் பிடித்தனர். அதுவும் நாக்கை நனைக்கும் அளவுதான். பிறகு சிறுநீரைக் குடிக்கத் தொடங்கினர். கடல்நீரைக் குடித்தால் சாவு நிச்சயம் என்று அக்கால மாலுமிகள் அனைவரும் நம்பினர். உப்பை வெளியேற்ற உடல் தன்னிடமுள்ள நீரை இழப்பதால் தாகம் மேலும் முற்றும் என்பதால் அந்த அச்சம் சரியானதே. ஆயினும் ஜூலை 20 அளவில் பார்க்கர் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்துவிட்டான். அதன்பின் அவன் தோணியின் அடியில் சுருண்டு கிடந்தான்.

சீட்டுக் குலுக்குவது பற்றிய பேச்சு அதற்கு முன்பே எழுந்திருந்தது. புரூக்ஸ் உடன்படவில்லை, சாவதானால் எல்லோரும் சேர்ந்து சாவோம் என்பது அவர் நிலை. 24ஆம் தேதி டட்லி மீண்டும் கேட்டார். மீண்டும் மறுப்பு. பின்னர் டட்லியும் ஸ்டீபன்ஸும் தமக்குள் பேசினர். தங்களுக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு, பையனுக்கு யாருமில்லை, அவன் எப்படியும் சாகப்போகிறான். மறுநாள் காலைவரை கப்பல் எதுவும் கண்ணில் படாவிட்டால் பார்க்கரைக் கொல்வது என்று முடிவாயிற்று.

ஜூலை 25 அன்று கப்பல் எதுவும் வரவில்லை. இறந்த உடலில் குருதி உறைந்துவிடும், குடிக்க முடியாது என்பதால் அவன் தானாக இறக்கும்வரை காத்திருப்பதும் பயனற்றது என்று அவர்கள் கருதினர். டட்லி இறைவனிடம் மன்னிப்பு வேண்டிப் பிரார்த்தித்தார். பின் பையனிடம் அவன் நேரம் வந்துவிட்டது என்று சொல்லி, பேனாக்கத்தியைக் கழுத்தில் பாய்ச்சினார். சிறுவன் திமிறினால் காலைப் பிடித்துக்கொள்ள ஸ்டீபன்ஸ் அருகில் இருந்தார். அதற்குத் தேவை ஏற்படவில்லை. கொலைக்கு உடன்படாத புரூக்ஸ் உணவில் பங்கு கொண்டார். ஸ்டீபன்ஸ் தின்றது மிகக் குறைவு.

நான்கு நாட்கள் கழித்து, ஜூலை 29 அன்று, ஹாம்பர்க் நோக்கிச் சென்றுகொண்டிருந்த மொக்டெசூமா என்ற ஜெர்மானியக் கப்பல் அவர்களைக் கண்டு மீட்டது.

ஃபால்மவுத்தில் கைது

செப்டம்பர் 6 அன்று மூவரும் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தில் இறக்கப்பட்டனர். கப்பல் இழப்பு பற்றிச் சுங்க அலுவலகத்தில் வாக்குமூலம் தரவேண்டும் என்பது வணிகக் கப்பல் சட்டத்தின் விதி. மூவரும் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள். டட்லி எதையும் மறைக்கவில்லை. கொலை செய்த கத்தியையும் வைத்திருந்தார். காவலர் அதைக் கேட்டபோது, நினைவுப்பொருளாகத் தமக்குத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இவ்வழக்கில் மனத்தை அதிகம் உறுத்தும் பகுதி கொலையைவிட இதுதான் எனலாம். அவர் மனத்தில் அது குற்றமாகவே பதிந்திருக்கவில்லை. கடல் வழக்கம் தம்மைக் காக்கும் என்று அவர் நம்பினார்.

ஊராரும் அவர் பக்கமே நின்றனர். பார்க்கரின் அண்ணன் டேனியல் தாமும் ஒரு மாலுமி. அவர் நீதிமன்றத்துக்கு வந்து மூவரின் கைகளையும் குலுக்கினார். ஆனால் உள்துறை அமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் வழக்கு நடத்தியே தீரவேண்டும் என்று முடிவெடுத்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் யூக்ஸின் என்ற கப்பலின் மாலுமிகள் இதேபோல் ஒருவரைக் கொன்று தின்றபின் சிங்கப்பூர் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் மீதான வழக்கு சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் இடையிலான அலுவலகக் குளறுபடிகளில் கரைந்துபோயிருந்தது. இம்முறை அப்படி நழுவவிட அரசு விரும்பவில்லை.

சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. எனவே புரூக்ஸ் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டு அவர் அரசுத் தரப்புச் சாட்சியானார்.

விசாரணையும் தீர்ப்பும்

நவம்பர் 3 அன்று எக்ஸிட்டர் நகரில் நீதிபதி ஹடில்ஸ்டன் முன் விசாரணை தொடங்கியது. ஜூரி இரக்கப்பட்டு 'குற்றவாளி அல்ல' என்று சொல்லிவிடலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அதைத் தவிர்க்க, நெடுநாளாகப் புழக்கத்தில் இல்லாத 'சிறப்புத் தீர்ப்புரை' என்ற முறையைக் கையிலெடுத்தார். இதன்படி ஜூரி உண்மைகளை மட்டும் கண்டறிந்து சொல்லும். அவை கொலையாகுமா என்பதை நீதிபதிகள் முடிவு செய்வார்கள். அந்த உரையை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். பத்தி பத்தியாக வாசிக்க, ஜூரி தலையசைத்தது.

பின்னர் வந்த தீர்ப்பு முழுவதும் அந்த உரையின் மேல்தான் நின்றது. பையனைத் தின்றிராவிட்டால் மூவரும் மீட்கப்படும்வரை உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள் என்பது அநேகமாக உண்மை என்று அது ஏற்கிறது. அவன் மற்றவர்களுக்கு முன்பே இறந்திருக்கக்கூடும் என்பதையும் ஏற்கிறது. ஆனால் யாரையாவது கொல்லவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மற்ற மூவரை விடுத்து இந்தச் சிறுவனைக் கொல்லவேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் கூடுதலாக இருக்கவில்லை என்றும் சொல்கிறது. எதிர்த்தரப்பால் கடைசிவரை தாண்ட முடியாத வரி இதுதான்.

டிசம்பரில் லண்டனில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வழக்கைக் கேட்டது. தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ், 'பண்டைய மாலுமியின் பாட்டு' எழுதிய கவிஞர் கோல்ரிட்ஜின் அண்ணன் வழிப்பேரர் முறையினர். கடற்தாகத்தைப் பாடிய குடும்பத்துக்கே இந்த வழக்கும் வந்து சேர்ந்தது. டட்லி, ஸ்டீபன்ஸ் தரப்பில் வாதாடியவர் ஆர்தர் காலின்ஸ். இவர் 1885இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டு, ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். முதல் இந்திய நீதிபதியாக அந்நீதிமன்றத்தில் அமர்ந்த தி. முத்துசாமி ஐயர் இவருடைய காலத்தில்தான் பணியாற்றினார்.

ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைத் தள்ளிவிடலாமா என்ற பழைய தத்துவப் புதிரை எதிர்த்தரப்பு முன்வைத்தது. கோல்ரிட்ஜ் அதை ஏற்கவில்லை. தன் உயிரைக் காப்பது பொதுவாகக் கடமைதான். ஆயினும் அதைத் துறப்பதே உயர்ந்த கடமையாகும் தருணங்களும் உண்டு என்றார். போர்வீரனையும், பயணிகளுக்கு முன் தான் தப்பக்கூடாத கப்பல் தலைவனையும் எடுத்துக்காட்டினார். நிர்ப்பந்தம் உண்டு என்று தீர்மானிப்பவர் யார், உயிர்களின் மதிப்பை ஒப்பிட அளவுகோல் எது, வலிமையா, அறிவா என்று அவர் கேட்டார். தீர்மானிப்பவரே ஆதாயம் அடைபவராக இருக்கும் விதி எதையும் நியாயப்படுத்திவிடும் என்பது அவர் வாதம். இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவன் மிக இளையவன், மிகப் பலவீனன், எதிர்க்க முடியாதவன். இத்தகைய சோதனையில் தாமே தவறக்கூடும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். நம்மால் எட்ட முடியாத தரத்தையும் சட்டமாக வைக்கவேண்டியிருக்கிறது என்பதே அவர் முடிவு.

இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில் அரசியின் பெயரால் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. தூக்கிலிட யாருக்கும் எண்ணமில்லை. விதியை நிலைநாட்டுவதே நோக்கம். 1885 மே மாதம் இருவரும் வெளியே வந்தனர்.

பசியும் மனமும்

கடும்பசி மனிதனை விலங்காக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. மினியோனெட் தோணியில் நடந்தது அப்படியல்ல. அவர்கள் நாட்கணக்கில் விவாதித்தார்கள், ஒருவர் மறுப்பை மற்றவர் கேட்டார்கள், விடியும்வரை பொறுத்தார்கள், பிரார்த்தித்தார்கள். அறவுணர்வு மறையவில்லை, தனக்குச் சாதகமான கணக்கைப் போட்டது. 'அவன் எப்படியும் சாவான்', 'அவனுக்கு யாருமில்லை' என்பவை வெறிகொண்டவன் சொல்லும் சொற்கள் அல்ல.

பட்டினி மனத்தை என்ன செய்கிறது என்பதை அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களின் சிந்தனை, பேச்சு, கனவு எல்லாம் உணவைச் சுற்றியே சுழன்றன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன, நட்பும் சிரிப்பும் வற்றின. அவர்களுக்கு ஓரளவு உணவு கிடைத்துக்கொண்டிருந்தது. சோதனை முடியும் நாளும் தெரியும். தோணியில் இருந்தவர்களுக்கு இவ்விரண்டும் இல்லை.

1972 அக்டோபர் 13 அன்று ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தின் கதை இதனோடு வைத்துப் பார்க்கத்தக்கது. 45 பேரில் 16 பேர் 72 நாட்களுக்குப் பின் மீண்டனர். தேடுதல் கைவிடப்பட்ட செய்தியைச் சிறு வானொலியில் அவர்களே கேட்டனர். பனியில் கெடாமல் கிடந்த தோழர்களின் உடல்களை உண்பதா என்று கூடிப் பேசினர். சிலர் முதலில் மறுத்தனர். 'நான் இறந்தால் என் உடலைப் பயன்படுத்துங்கள்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். கத்தோலிக்கர்களான அவர்கள் இதை நற்கருணையோடு ஒப்பிட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டதும் உண்டு. திருச்சபைத் தரப்பு இதைப் பாவமென்று சொல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களில் பலர் உயிர்பிழைத்தவர்களோடு உறவைத் தொடர்ந்தனர்.

இரு நிகழ்வுகளிலும் உண்ணப்பட்டது மனித உடல்தான். ஆண்டிஸில் யாரும் உணவுக்காகக் கொல்லப்படவில்லை; கொடுப்பேன் என்றவர்கள் தாமே சொன்னார்கள். பார்க்கரிடம் யாரும் கேட்கவில்லை. டட்லியும் ஸ்டீபன்ஸும் சீட்டுக் குலுக்கியிருந்தால்கூட ஆங்கிலச் சட்டத்தில் அது கொலையாகவே இருந்திருக்கும். எனினும் தங்கள் பெயர்களையும் சீட்டில் எழுதியவர்களைப் பற்றி நாம் வேறுவிதமாக நினைத்திருப்போம் என்பதை மறுக்க முடியாது.

இந்தியச் சட்டத்தில்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மினியோனெட் வழக்குக்கு முந்தியது. அதன் 81ஆம் பிரிவு நிர்ப்பந்தத்தைப் பேசியது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 19ஆம் பிரிவு. அதற்குத் தரப்பட்ட விளக்கமும் கடல் சார்ந்ததே. கப்பல் தலைவர் ஒருவர், தம் தவறின்றி, இருபது முப்பது பயணிகள் உள்ள படகின்மேல் மோதவேண்டிய நிலைக்கு வருகிறார். அதைத் தவிர்க்கத் திசை திருப்பினால் இருவர் மட்டுமே உள்ள இன்னொரு படகின்மேல் மோதும் அபாயம் உண்டு. முதற்படகைக் காக்கும் நல்லெண்ணத்துடன் அவர் திருப்பினால் குற்றமில்லை. ஆனால் தீங்கு நேரலாம் என்று அறிந்து செய்வதற்கே இந்தப் பாதுகாப்பு. தீங்கு செய்யும் குற்ற நோக்கம் இருந்தால் இது பொருந்தாது. டட்லி கத்தியை எடுத்தது கொல்லும் நோக்கத்தோடு. அச்சுறுத்தலுக்குப் பணிந்து செய்த செயலை மன்னிக்கும் 94ஆம் பிரிவும் கொலையை விலக்கியே வைத்திருந்தது.

பிற்காலம்

டட்லி குடும்பத்துடன் சிட்னிக்குக் குடிபெயர்ந்து பாய், கூடாரத் துணித் தொழில் செய்தார். தண்டனை நியாயமானது என்று அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1900இல் சிட்னியில் பரவிய பிளேக் நோய்க்குப் பலியான முதல் ஆள் அவர்தான்.

ரிச்சர்ட் பார்க்கரின் பெயருக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. அவன் இறப்பதற்கு 46 ஆண்டுகளுக்கு முன் எட்கர் ஆலன் போ எழுதிய 'ஆர்தர் கார்டன் பிம்' நாவலில், கடலில் சீட்டுக் குலுக்கிக் கொன்று தின்னப்படும் மாலுமியின் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர். யான் மார்ட்டெல் 2001இல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலில், புதுச்சேரிச் சிறுவன் பையுடன் படகில் மிதக்கும் வங்கப்புலிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். 2012இல் வந்த திரைப்படத்தைப் பார்த்த பலருக்கும் அப்பெயர் இங்கிருந்து போனது என்று தெரியாது.

சவுத்தாம்ப்டனில் பேர் ட்ரீ கிரீன் தேவாலயத்தில் பார்க்கருக்கு ஒரு நினைவுக்கல் உள்ளது. வெப்பமண்டலக் கடலில் திறந்த படகில் பத்தொன்பது நாட்கள் கொடுந்துயர் அனுபவித்தபின் 1884 ஜூலை 25 அன்று அவன் கடலில் இறந்தான் என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொல்லப்பட்டான் என்ற சொல் அதில் இல்லை. கீழே, கல்லெறியப்பட்டுச் சாகும் ஸ்தேவான் தன்னைக் கொல்பவர்களுக்காக வேண்டிக்கொண்ட விவிலிய வாசகம் இருக்கிறது.